கைப்பிடியளவு அறம்

அறம் என்றவுடன் குளம் வெட்டுதல், கோபுரம் எழுப்புதல், ஆயிரம் பேருக்கு அமுது படைத்தல் முதலிய பெருஞ்செயல்களே பலருடைய நினைவுக்கு வருகின்றன. அவை செல்வமுடையோர் செய்யத்தக்கவை, எளியோர்க்கு எட்டாதவை என்று எண்ணி ஒதுங்குவோரும் உளர். ஆயினும் ஒருவர் ஒரு நாளில் தாம் பெறும் உதவிகளை எண்ணிப் பார்ப்பாராயின், அவற்றுள் பெரும்பாலானவை பெயர் அறியாத மாந்தர் செய்த சிற்றுதவிகளாகவே இருத்தலைக் காண்பார்.

காந்திபுரத்திலிருந்து மருதமலைக்குச் செல்லும் நகரப் பேருந்தில் காலை நேரத்தில் நிற்கவும் இடமிராது. பின்புறம் நிற்பவர் பயணச்சீட்டுக்குரிய பணத்தை முன்னால் நிற்பவரிடம் கொடுக்கின்றார். அது நான்கைந்து கைகள் மாறி நடத்துநரைச் சேர்கின்றது. சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியே குறையாமல் திரும்பி வருகின்றன. அமர்ந்திருப்பவர், நிற்பவரின் பையையும் குழந்தையையும் கேளாமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்கின்றார். சாலையில் இருசக்கர வண்டியில் விரைவோரைப் பார்த்து, “சைடு ஸ்டாண்டை எடுங்க”, “துப்பட்டா சக்கரத்துல மாட்டப் போகுதுங்க அம்மிணி” என்று வழிப்போக்கர் குரல் கொடுக்கின்றனர். குரல் கொடுத்தவர் எவர் என்பதைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கடந்து விடுகின்றார். ஆயினும் ஓர் உயிர் காக்கப்பட்டிருக்கலாம். இத்தகைய செயல்களைச் செய்வோர் இவற்றை அறம் என்று கருதுவதில்லை. ஆன்றோரோ இவற்றையும் அறம் என்றே கருதினர்.

முப்பத்திரண்டில் சிறியவை

காஞ்சியில் எழுந்தருளியுள்ள அன்னை காமாட்சி, இறைவனிடம் இருநாழி நெல் பெற்று, அதனைக் கொண்டே முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்பது தொன்றுதொட்டு வழங்கிவரும் வரலாறு. திருவையாற்றில் அன்னைக்கு ‘அறம் வளர்த்த நாயகி’ என்னும் திருநாமம் வழங்குகின்றது. அந்த முப்பத்திரண்டு அறங்கள் எவை என்று பலரும் ஊன்றிப் பார்ப்பதில்லை.

மடம் கட்டுதல், தடம் எனப்படும் குளம் அமைத்தல், சோலை வளர்த்தல், நோயுற்றோர்க்கு மருந்து அளித்தல் போன்ற பேரறங்கள் அப்பட்டியலில் உள்ளன. அவற்றின் அருகிலேயே தலைக்கு எண்ணெய், கண்ணுக்கு மருந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, முகம் பார்க்கக் கண்ணாடி, காதுக்கு ஓலை, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் ஆகியனவும் இடம்பெறுகின்றன. பசுவுக்கு ஒரு வாய் உணவும், அது உடலை உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ள நடப்படும் தறியும் கூடத் தனித்தனி அறங்களாக எண்ணப்பட்டுள்ளன. உறவற்று இறந்தவரின் உடலை எரியூட்டுதலும் அறமே. பிறர் துயர் தீர்த்தலும் அறமே.

குளம் வெட்டியவருக்கு ஒரு பட்டியல், சுண்ணாம்பு கொடுத்தவருக்கு வேறொரு பட்டியல் என்று முன்னோர் பிரிக்கவில்லை. தேவையுற்ற நேரத்தில் கிடைக்காத பொருள் எதுவாயினும், அதனைக் கொடுத்தல் அறம் என்பதே அவர்தம் துணிபு. முதலீடும் இருநாழி நெல் மட்டுமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

திருமூலரும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், தாம் உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி உணவு, பிறரிடம் பேசும்போது ஓர் இன்சொல் ஆகிய நான்கையும் எல்லோராலும் செய்ய இயலும் என்பது அவர் காட்டும் வழி. செல்வம் இல்லாதவர்க்கும் கைப்பிடி உண்டு. அதுவும் இல்லாதவர்க்கு இன்சொல் உண்டு. ஆதலின் அறம் செய்ய இயலாதவர் என்று உலகில் ஒருவரும் இலர்.

சுமை இறக்கிய கற்கள்

தமிழகத்தின் பழைய வழித்தடங்களில் இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய அமைப்பினை இன்றும் ஆங்காங்கே காணலாம். இது சுமைதாங்கி எனப்படும். தலைச்சுமையுடன் நெடுந்தொலைவு நடப்போர் பிறர் துணையின்றித் தம் சுமையை இறக்கி வைக்கவும், இளைப்பாறிய பின் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் தோள் உயரத்தில் இது அமைக்கப்பட்டது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இதனை நடுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே மறைந்தவளின் பெயரால், முன்பின் அறியாதவரின் தலைச்சுமை இறங்கியது. தம் துயரத்தைப் பிறருடைய ஆறுதலாக மாற்றிய அக்குடும்பங்களின் பெயர்கள் இன்று பலருக்கும் தெரியா. கல் மட்டும் நிற்கின்றது.

கொங்கு நாட்டில் இம்மரபு வேறு வடிவில் தொடர்கின்றது. தைப்பூசக் காலத்தில் காவடி சுமந்து பழனிக்கு நடந்து செல்லும் அடியார்களுக்காகச் சாலையோரங்களில் பந்தல் அமைத்து நீர், மோர், பானகம், உணவு ஆகியவற்றை ஊரார் வழங்குகின்றனர். நடந்து தேய்ந்த கால்களுக்கு எண்ணெய் தேய்த்து விடுவோரும் உளர். வருவோர் எந்த ஊரினர், எக்குலத்தினர் என்று எவரும் வினவுவதில்லை. “வாங்க கண்ணு, ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போங்க” என்னும் அழைப்பே அங்கு முதலில் கிடைக்கின்றது. சிறுவரையும் ‘வாங்க’, ‘போங்க’ என்று அழைக்கும் கொங்கு வழக்கு, திருமூலர் கூறிய இன்சொல்லை நாள்தோறும் செய்யும் அறமாக்கியுள்ளது.

எதிரெதிர் இரு வீடுகள்

அண்டை வீட்டாரிடையே காட்டும் அன்பு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதற்குக் கொங்கு நாட்டுத் திருத்தலமாகிய திருப்புக்கொளியூர் அவிநாசியில் நிகழ்ந்த வரலாறு சான்றாகும். பெரியபுராணம் இதனை விரித்துரைக்கின்றது.

சேரமான் பெருமாளைக் காணும் பொருட்டுச் சென்ற சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவ்வூர் வீதியை அடைந்தார். ஒரு வீட்டில் மங்கல ஒலி எழுந்தது. அதற்கு எதிர்வீட்டில் அழுகை ஒலி கேட்டது. அவர் கடந்து செல்லாமல் நின்று காரணம் வினவினார். ஐந்து வயதுடைய இரு சிறுவர் நீராடச் சென்றபோது ஒருவனை முதலை விழுங்கியது. தப்பிய சிறுவனுக்கு அன்று உபநயனம். அந்த மங்கல ஒலி, மகனை இழந்த பெற்றோரின் புண்ணைக் கிளறியது. தம் மகனும் இருந்திருப்பின் இன்று அவனுக்கும் இச்சடங்கு நிகழுமே என்று அவர்கள் கலங்கினர்.

அத்துணைத் துயரிலும், அடியார் வந்திருப்பதை அறிந்த அப்பெற்றோர் கண்ணீரை மறைத்து முகமலர்ச்சியுடன் வந்து வணங்கினர். தம் குறையை முறையிடவும் இல்லை. சுந்தரரே வினவி அறிந்து, அச்சிறுவனை மீட்ட பின்னரே இறைவனை வணங்குவதாகக் கூறி, நீர்நிலைக்குச் சென்று பதிகம் பாடினார். முதலை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியுடன் பிள்ளையைக் கரையிற் கொணர்ந்து விட்டது. அப்பிள்ளைக்கும் உபநயனம் நடந்தேறியது.

முதலையுண்ட பாலகனை மீட்டல் இறையருளால் நிகழ்ந்த அற்புதம். அது மானிடர்க்கு இயல்வதன்று. ஆயின் அவ்வற்புதத்திற்கு முன் நிகழ்ந்த இரு செயல்கள் எவருக்கும் இயல்வன. அழுகை ஒலி கேட்ட வழிப்போக்கர் நின்று “என்ன நேர்ந்தது?” என்று வினவியது ஒன்று. தம் துயரைத் தாங்கிக்கொண்டு வந்தவரை முகமலர்ந்து வரவேற்றது மற்றொன்று. அந்த ஒரு வினா எழாதிருந்தால், ஒரு வீதியின் இருபுறமும் மகிழ்ச்சியும் துயரமும் ஒன்றையொன்று அறியாமலே இருந்திருக்கும்.

அகன்ற தெருக்கள்

கோவை மாநகரின் ஆர்.எஸ்.புரத்துக்கு இவ்வரலாறு இன்று மிகவும் பொருந்தும். நகராட்சித் தலைவராக விளங்கிய திவான் பகதூர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் இப்பகுதி இரத்தினசபாபதிபுரம் எனப்பட்டது. திவான் பகதூர் சாலையும் அவர் நினைவைத் தாங்கி நிற்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோவை நகரைப் பிளேக் நோய் வருத்தியது. அக்காலத்து அச்சத்துக்கும் வேண்டுதலுக்கும் சான்றாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நகரில் விளங்குகின்றன. நெருக்கமான பழைய தெருக்களைப் போலன்றி, காற்றும் வெளிச்சமும் புகும் வண்ணம் நேரான, அகன்ற சாலைகளுடன் ஆர்.எஸ்.புரம் திட்டமிட்டு அமைக்கப்பட்டது.

பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. வழிப்போக்கர் அதில் அமர்ந்தனர். அண்டை வீட்டார் அதில் பேசினர். ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லையெனில் அடுத்த வீட்டுக்கு உடனே தெரிந்தது. ஒரு வீட்டுக் குழம்புக் கிண்ணம் அடுத்த வீட்டுக்குச் சென்றால், அது வெறுமையாகத் திரும்பாது. புதிய நகர்ப்பகுதிகளில் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் வந்தது. பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நலவாழ்வுக்காகத் தெருக்கள் அகன்றன. ஆயின் அண்டை வீட்டாரை அடைய எடுத்து வைக்கும் அடிகளும் கூடின. பிள்ளைகள் வெளிநாட்டில் வாழ, முதியோர் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் இத்தகைய பகுதிகளில் பல. அங்கு எழும் அழுகை ஒலி வீதிக்குக் கேட்பதில்லை. வாயிலில் எடுக்கப்படாமல் கிடக்கும் பால் உறையும் நாளிதழும் மட்டுமே அதனை உணர்த்த வல்லன.

முன்பு திண்ணை தானே செய்த பணியை இன்று மனிதர் முயன்று செய்ய வேண்டியுள்ளது.

ஒரு ரூபாய் இட்லி

ஆர்.எஸ்.புரத்துக்கு மேற்கே, ஆலாந்துறை வட்டாரத்தில் உள்ள சிற்றூர் வடிவேலம்பாளையம். அவ்வூரில் கமலாத்தாள் என்னும் மூதாட்டி நெடுங்காலமாக இட்லி விற்று வந்தார். தொடக்கத்தில் காசுக் கணக்கிலும் பின்னர் ஒரு ரூபாய்க்கும் ஓர் இட்லியை, சட்டினியும் சாம்பாரும் சேர்த்து வழங்கினார். ஆட்டுக்கல்லில் மாவரைத்து, விறகடுப்பில் வேகவைத்து, எண்பது வயதை எட்டிய பின்னரும் நாள்தோறும் அவரே உழைத்தார். கூலி வேலைக்குச் செல்வோர் குறைந்த செலவில் வயிறார உண்ண வேண்டும் என்பதே அவர் நோக்கம். 2019ஆம் ஆண்டில் இச்செய்தி நாடெங்கும் பரவியது. அவருக்குச் சமையல் எரிவாயு இணைப்பு கிடைத்தது. 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்குக் காலத்திலும் அவர் விலையை உயர்த்தவில்லை. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா, சமையலுக்கும் வசதியான வீடு ஒன்றைக் கட்டுவித்து 2022ஆம் ஆண்டு அன்னையர் நாளில் அவருக்கு வழங்கச் செய்தார்.

இம்மூதாட்டி இலவசமாகக் கொடுக்கவில்லை, விற்றார் என்பது கருதத்தக்கது. ஒரு ரூபாய் கொடுத்து உண்பவர் இரவலர் ஆவதில்லை. அவர் வாங்கி உண்பவர். பசியும் தீர்ந்தது, தலைநிமிர்வும் குறையவில்லை. உதவி பெறுபவரின் மனம் நோகாமல் உதவுதல் அறத்தின் நுண்மை. அந்நுண்மை ஏடுகளில் மட்டும் இருப்பதன்று, விறகடுப்பின் முன்னும் விளங்குவது என்பதற்கு இவர் சான்று.

தடுப்பது எது?

மக்கள் நெஞ்சில் ஈரம் உள்ளது. எனின், பல வேளைகளில் அது செயலாக மாறாதது ஏன்? இரக்கம் இன்மை அன்று, தயக்கமே பெரும்பாலும் காரணம். “இவ்வளவு சிறியதைக் கொடுத்தால் என்ன நினைப்பாரோ?”, “தவறாகக் கருதுவாரோ?” என்னும் எண்ணங்கள் நீட்டிய கையைப் பின்னிழுக்கின்றன.

இது குறித்து அமெரிக்க உளவியல் அறிஞர்களாகிய அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகியோர் செய்த ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிகாகோ நகரில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடக்கும் ஒரு பூங்காவில், அங்கு வந்தோரிடம் சூடான சாக்லேட் பானம் அளிக்கப்பட்டது. அவர்கள் அதனைத் தாம் வைத்துக்கொள்ளாமல் முன்பின் அறியாத ஒருவர்க்குக் கொடுக்கலாம் எனப்பட்டது. கொடுத்தவர்கள், பெறுபவர் எவ்வளவு மகிழ்வார் என்று மதிப்பிட்டனர். பெற்றவர்களோ அம்மதிப்பீட்டைவிட மிகுதியாக மகிழ்ந்தனர். கொடுப்பவர் பொருளின் அளவை மட்டும் எண்ணுகின்றார். பெறுபவர் அப்பொருளோடு வந்த அன்பையும் சேர்த்துப் பெறுகின்றார் என்பதே ஆய்வாளர் கண்ட காரணம். செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, உதவியை அதன் அளவு கொண்டு எடை போடலாகாது என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே உணர்த்தியுள்ளார்.

உயிர் காக்கும் சில நிமிடங்கள்

தயக்கம் உயிரையே பறிக்கும் இடமும் உண்டு. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். உதவினால் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேரிடுமோ என்னும் அச்சத்தால் எவரும் முன்வரார். இவ்வச்சத்துக்கு இன்று இடமில்லை. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இப்பாதுகாப்பைச் சட்டமாக்கியது. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது, அடிபட்டவருக்கு நேர்ந்த தீங்கின் பொருட்டு வழக்குத் தொடர இயலாது. தம் பெயரையும் முகவரியையும் கூறுமாறு அவரை வற்புறுத்தலும் ஆகாது.

தமிழக அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம், விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க வகைசெய்தது. ஆதலின் அருகில் இருப்பவர் செய்ய வேண்டியது சிறிதே: 108 என்னும் எண்ணை அழைத்தல், நடந்த இடத்தைத் தெளிவாகக் கூறுதல், போக்குவரத்தை விலக்கி நிற்கச் செய்தல், அடிபட்டவரின் கையைப் பற்றி ஆறுதல் கூறுதல். மயங்கிக் கிடப்பவரின் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது. அது மூச்சுக்குழலில் சென்று தீங்கு விளைவிக்கும். இரத்தம் பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் நன்று.

இன்றே செய்யத்தக்கவை

அன்பர்கள் அன்றாட வாழ்வில் மேற்கொள்ளத்தக்க சிற்றறங்கள் பல. கோடையில் வீட்டு வாயிலில் மண்பானையில் நீர் வைத்தல். பறவைகளுக்கும் ஒரு கிண்ணம் நீர் வைத்தல். நண்பகல் வெயிலில் பொருள் கொண்டு வரும் இளைஞரை நிழலில் அமரச் செய்து ஒரு குவளை நீர் அளித்தல். உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் தாளில் பொதிந்து, துப்புரவுப் பணியாளரிடம் தனியே சொல்லிக் கொடுத்தல். தனித்து வாழும் முதியவரின் கதவை நாளுக்கு ஒருமுறை தட்டி நலம் விசாரித்தல். மருந்துக் கடைக்குச் செல்லும்போது அண்டை வீட்டாருக்கும் ஏதேனும் வேண்டுமோ எனக் கேட்டல். திருக்கோயில் வரிசையில் கைக்குழந்தையுடன் நிற்கும் தாய்க்கு வழிவிடுதல். நண்பர் ஒருவர் நெடுநாள் பேசவில்லையெனில், அவர் அழைக்கட்டும் என்று காத்திராமல் தாமே அழைத்தல்.

இவற்றுள் பலவற்றுக்குப் பொருட்செலவே இல்லை. செய்யும்போது இரண்டினை மறவாதிருத்தல் நலம். முதலாவது, உதவியை ஊரறியச் சொல்லாதிருத்தல். படம் எடுத்துப் பரப்பப்படும் உதவி, பெறுபவரைக் கூனிக் குறுகச் செய்யும். இரண்டாவது, பிறர் உதவ முன்வரும்போது மனமுவந்து ஏற்றல். “எனக்கு எவர் தயவும் வேண்டா” என்று மறுப்பவர், பிறர் அறம் செய்யும் வாய்ப்பையும் மறுக்கின்றார். கொடுத்தலும் கொள்ளுதலும் சேர்ந்ததே அண்டை அயல்.

இருநாழி நெல்லில் முப்பத்திரண்டு அறம் வளர்த்த அன்னையின் அருளை வேண்டுவோர், தம் கையில் உள்ள ஒரு பிடியிலிருந்தே அறத்தைத் தொடங்கலாம். எதிர்வீட்டு ஒலிக்குச் செவி கொடுத்து, ஒரு வினாவும் ஓர் இன்சொல்லும் ஒரு கைப்பிடி உணவும் நாள்தோறும் பிறர்க்கு வழங்கி, அனைவரும் நலமும் வளமும் பெற்று இனிது வாழ்வார்களாக.